பானட்டில் கை வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் என்னைப் பெரம்பூருக்குக் கூட்டிப் போனான். ஹூண்டாய் ஐ10 ஒன்று பார்த்து வைத்திருந்தான். 2011 மாடல், வெள்ளி நிறம், சிங்கிள் ஓனர். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க மாமா, நல்லா இருந்தா அட்வான்ஸ் கொடுத்துடலாம்" என்றான். புரோக்கர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். நாங்கள் ஒன்பதே காலுக்கே போய்விட்டோம். வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. பளபளவென்று துடைத்து, டயருக்கெல்லாம் கறுப்புப் பாலிஷ் போட்டிருந்தார்கள். நான் நேராகப் போய் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. அங்கே வெயிலே விழவில்லை.

டீக்கடையிலிருந்து புரோக்கர் வந்தார். "இன்னா தலைவரே, வண்டி சோக்கா கீதா?"

"நல்லா இருக்கு. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வரோம். அதுவரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ண வேணாம்."

மருமகன் முகம் சுருங்கிப்போயிற்று. திரும்பி வரும்போது காரணம் சொன்னேன். ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த எஞ்சினில்தான் கோளாறு தெரியும். செல்ஃப் எடுக்க எத்தனை சுற்று ஆகிறது, பேட்டரி முக்குகிறதா, மேலே வால்வு பக்கம் டப்பட் சத்தம் கேட்கிறதா, சைலன்சரில் என்ன நிறத்தில் புகை வருகிறது, எல்லாம் அந்த முதல் பத்து விநாடியில்தான். நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, இனிப்பு வாடையும் அடித்தால் எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் உள்ளே போகிறது. முன்னாலேயே சூடேற்றி வைத்துவிட்டால் இதில் பாதி மறைந்துவிடும்.

நான் மெக்கானிக் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலில் ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணிக் குறிக்கிற வேலை. கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் நான் அதிகம் எண்ணியது கார்களைத்தான். இருங்காட்டுக்கோட்டையில் செய்த புது ஹூண்டாய் வண்டிகள் சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை பிரியாமல் வந்து நிற்கும். பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தைக் கவிழ்த்துப் போட்டது போல ஒரு கப்பல் வாயைத் திறந்து வைத்திருக்கும். டிரைவர்கள் வரிசையாக உள்ளே ஓட்டிக்கொண்டு போவார்கள். ஐ10 வந்த புதிதில் ஐரோப்பாவில் ஓடியவையும் நம் ஊரில் செய்தவைதான். ஷிப்ட் முடிந்ததும் நான் என் 2006 சான்ட்ரோ ஜிங்கை எடுத்துக்கொண்டு கல்மண்டபத்துக்கு வருவேன். அதை 2013ல் 1,30,000 ரூபாய்க்கு வாங்கினேன். இன்னமும் ஓடுகிறது. அதனால்தான் சொந்தக்காரர்கள் பழைய கார் பார்க்கப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

எந்த வண்டி என்று எல்லாரும் கேட்பார்கள். உதிரிப் பாகம் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ அரை மணி நேரத்தில் கிடைக்கிற வண்டி என்பேன். 1998ல் கொரியாக்காரர்களின் சின்னக் கார்கள் இரண்டு கொஞ்ச நாள் இடைவெளியில் நம் ஊருக்கு வந்தன. ஒன்று டேவூ மாட்டிஸ், இன்னொன்று ஹூண்டாய் சான்ட்ரோ. மாட்டிஸ் அழகான வண்டி. ஓட்டியவர்கள் குறை சொன்னதில்லை. ஆனால் 1999ல் கொரியாவில் டேவூ குழுமமே கடனில் மூழ்கியது. அப்புறம் டெல்லிப் பக்கம் இருந்த தொழிற்சாலையும் படுத்துவிட்டது. வண்டி நன்றாக இருந்தும் ஒரு கண்ணாடிக்கும் ஒரு விளக்குக்கும் அலைந்தவர்கள் எத்தனையோ பேர். சான்ட்ரோவின் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நிலையாக நின்றது. தெருவுக்கு ஒரு மெக்கானிக் அந்த எஞ்சினைப் பிரித்துப் பழகிக்கொண்டான். பழைய காரில் இதைவிடப் பெரிய வசதி எனக்குத் தெரியாது.

ஹூண்டாயை ஆரம்பித்த சுங் ஜு-யுங்கின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவசரம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். 1915ல், இப்போது வட கொரியாவாக இருக்கிற பகுதியில், விவசாயி வீட்டில் பிறந்தவர். அப்பா மாடு விற்று வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார். சியோலில் அரிசிக் கடை வேலை. 1940ல் கடன் வாங்கி ஒரு கார் ரிப்பேர் ஷெட் எடுத்தார். கொஞ்ச நாளிலேயே அது தீப்பிடித்துச் சாம்பலாயிற்று. மறுபடி கடன், மறுபடி ஷெட். 1967ல் ஹூண்டாய் மோட்டார் வந்தது. முதலில் ஃபோர்டு வண்டிகளைக் கோத்துக் கொடுத்தார்கள். 1975ல் போனி என்று சொந்தமாக ஒரு கார் செய்தார்கள். வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியுஜாரோ, எஞ்சின் ஜப்பானின் மிட்சுபிஷி. 1986ல் எக்ஸெல் என்ற வண்டியை அமெரிக்காவில் மலிவாக விற்றார்கள். முதல் வருடமே 1,68,000க்கு மேல் போனது. அப்புறம் தரம் போதவில்லை என்று பேர் கெட்டது. டி.வி.யில் கிண்டல் அடிக்கிற அளவுக்குக் கெட்டது. அதைத் துடைக்கத்தான் 1998ல் அங்கே எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருடம், 1,00,000 மைல் வாரண்டி என்று அறிவித்தார்கள். அதே வருடம் ஜூனில் 82 வயதுக் கிழவராக, லாரிகளில் 500 மாடுகளை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி வட கொரியாவுக்குப் போனார் சுங். அக்டோபரில் இன்னும் 501. அப்பாவிடம் எடுத்த ஒரு மாட்டுக்கு முதலும் வட்டியும். நடுவில், செப்டம்பரில், இங்கே சான்ட்ரோ வந்தது.

கெட்ட பேரைத் துடைக்கத் துடித்துக்கொண்டிருந்த நேரத்தில் செய்த வண்டி என்பதால்தானோ என்னவோ, அந்த எஞ்சினில் சிக்கனம் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். பக்கத்து வண்டிகளில் இன்னும் கார்புரேட்டர் இருந்த காலத்தில் இதில் 12 வால்வு, பெட்ரோலை அளந்து தெளிக்கிற எம்.பி.எஃப்.ஐ. உயரமாக, டப்பா மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். ஷாருக் கான் விளம்பரத்தில் வந்தும் எங்கள் தெருவில் 'ஆட்டோவுக்கு அண்ணன்' என்றுதான் பேர். என் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. முட்டி வலிக்காரர். தாழ்வான கார்களில் அவரை ஏற்ற இரண்டு பேர் வேண்டும், இறக்க மூன்று பேர். சான்ட்ரோவின் சீட் அவர் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். "கட்டில்ல உக்கார்ற மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்றார். வீட்டில் முட்டி வலிக்காரர் இருந்தால் கார் பார்க்கும்போதே அவரையும் கூட்டிப் போங்கள்.

மாடல் கணக்கு சுருக்கமாக. பழைய 999 சி.சி. சான்ட்ரோ இப்போது ரொம்பக் கிழடு, ஆசைக்கு வேண்டுமானால் வாங்கலாம். 2003ல் வந்து 2014 வரை ஓடிய ஜிங், 1086 சி.சி. ஐ10 வந்தது 2007ல். அதில் இரண்டு எஞ்சின் உண்டு, அதே 1086ம், 2008ல் வந்த 1197 சி.சி. காப்பாவும். இந்த வித்தியாசம் முக்கியம். எஞ்சினுக்குள் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிறது 1086ல் ரப்பர் டைமிங் பெல்ட், காப்பாவில் டைமிங் செயின். ஆர்.சி. புக்கில் சி.சி. எழுதியிருக்கும், அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இயான் 814 சி.சி., மூன்று சிலிண்டர். நாலு பேரும் ஏ.சி.யும் சேர்ந்தால் பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் திணறும். 2018ல் மறுபடி சான்ட்ரோ என்ற பேரில் வந்து 2022ல் நின்றுபோன வண்டி நல்லதுதான், ஆனால் விலை கூட. பட்ஜெட் ஒத்துக்கொண்டால் காப்பா ஐ10. ஒத்துக்கொள்ளாவிட்டால் துருப்பிடிக்காத ஜிங்.

துருப்பிடிக்காத என்ற வார்த்தையில்தான் எங்கள் பக்கத்து விஷயம் இருக்கிறது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் காரைத் தின்பது உப்புக் காற்று. என் வீட்டு பால்கனி கிரில்லுக்கு வருடா வருடம் பெயின்ட் அடிக்கிறேன், அப்படியும் பொரிந்துவிடுகிறது. கார் கதவு மட்டும் என்ன தப்பிக்குமா? எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். எஞ்சின் வேலை செய்ய ஆள் இருக்கிறான். தகடு கரைந்துபோனால் ஒட்டுப் போடத்தான் முடியும்.

ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். துணியில் சுற்றி, கதவின் அடிப்பாகம், சக்கரத்துக்கு மேல் வளைவு, பின்பக்க ஃபெண்டர் என்று நகர்த்திக்கொண்டே போங்கள். ஒட்டிக்கொண்டு வந்த காந்தம் ஓர் இடத்தில் சட்டென்று கழன்றால் அங்கே தகடு இல்லை, பள்ளத்தை நிரப்பிப் பூசிய பட்டி. (பம்பரில் வைத்துவிட்டுப் பயப்படாதீர்கள், அது பிளாஸ்டிக்.) அப்புறம் நாலு கதவையும் திறந்து, கீழ் விளிம்பின் மடிப்பில் விரலை ஓட்டுங்கள். மேலே புதுப் பெயின்ட் மினுங்கினாலும் அந்த மடிப்பில் பொரிப்பொரியாக இருந்தால் விரல் சொல்லிவிடும். அதே விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், மழைத் தண்ணீர் வடிவதற்கு. பெயின்ட் அடிக்கிறவர்கள் அவசரத்தில் அதையும் அடைத்துவிடுவார்கள். ஒரு பாட்டில் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றினால் கீழே ஓட்டை வழியாகச் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் கதவுக்குள் குளம் கட்டிக்கொண்டிருக்கிறது.

டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கச் சொல்லுங்கள். அந்தப் பள்ளம் எப்படி இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்படியே குனிந்து மோந்தும் பாருங்கள். சிரிப்பதற்கில்லை. எங்கள் பக்கத்தில் விடியற்காலையில் மீன் பெட்டி ஏற்றிய கார்கள் உண்டு. ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் டிக்கித் தரையில் இறங்கினால் அந்தத் தகடு கடலோரம் பத்து வருடம் நின்ற வண்டியைவிட மோசமாகும். வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் சந்தேகப்படுங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏ.சி. போடாமல் வெறும் புளோயரை ஓட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் ஊதுபத்தி வாடையைத் தாண்டிக்கொண்டு வஞ்சிரம் வரும்.

அடிப்பக்கம் பார்க்க ஒரே வழி, வாட்டர் வாஷ் செய்கிற இடத்துக்கு ஓட்டிப் போய் லிஃப்டில் ஏற்றுவது. வாஷ் காசை நீங்களே கொடுத்துவிடுங்கள். விற்கிறவர் லிஃப்டில் ஏற்றவே சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தரைத்தகட்டையும் ஜாக்கி வைக்கிற இடங்களையும் மெல்லத் தட்டுங்கள். 'டங்' என்றால் தகடு. 'பொத்' என்றால் துருவோ பட்டியோ. அடி முழுக்கப் புத்தம்புதிதாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தால், எதை மூட அடித்தீர்கள் என்று முகத்துக்கு நேராகவே கேளுங்கள்.

இவ்வளவு சொல்கிற நான் 2013ல் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டேன், பாட்டுப் பெட்டியின் பேஸ் கேட்டேன், வாங்கிவிட்டேன். முதல் மழையில் இடதுபக்க முன் மேட் நனைந்திருந்தது. கண்ணாடியைச் சரியாக ஏற்றவில்லை போல என்று நினைத்து, மேட்டை மொட்டை மாடியில் காயப்போட்டு, திரும்பக் கொண்டுவந்து விரித்தேன். இரண்டு மழைக்காலம் இப்படியே விரித்தேன். ஒருநாள் கொருக்குப்பேட்டை மெக்கானிக் அண்ணன் மேட்டோடு சேர்த்துக் கார்ப்பெட்டையும் தூக்கினார். என்னைக் கூப்பிட்டு, "கை வச்சுப் பாரு" என்றார். வைத்தேன். ஆட்காட்டி விரல் தரைக்குள் போயிற்று. குனிந்து பார்த்தால் ஓட்டை வழியாக ஷெட்டின் சிமென்ட் தரையும் அதில் ஒரு நட்டும் தெரிந்தன. காரணம் வேப்பிலை. வைப்பருக்குக் கீழே இருக்கிற தட்டில் தண்ணீர் வடிகிற துவாரத்தை இலை அடைத்து, மழை முழுக்க உள்ளே இறங்கியிருக்கிறது. மரத்தடியில் நிறுத்தியவனும் நான், இலையை வாராமல் விட்டவனும் நான். தகடு வெட்டி வெல்டிங் வைக்க 6,500 ரூபாய். இப்போது மாதம் ஒரு தரம் பானட்டைத் திறந்து அந்தத் தட்டில் இலை வாருகிறேன்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என்று நம் ஊரில் மூழ்கி எழுந்த கார்கள் ஏராளம். எல்லாம் துடைத்துப் பேர் மாறி எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் வெளியே இழுங்கள். முதல் ஒரு முழம் சுத்தமாக இருக்கும், யாராவது துவைத்திருப்பார்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் எந்த உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது என்று கணக்கே போட்டுவிடலாம். சீட்டுக்கு அடியில் இருக்கிற தண்டவாளமும் ஸ்பிரிங்கும் துருவேறியிருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் மண் படிந்த கோடு இருக்கிறதா, ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். வயரிங்கில் புகுந்த தண்ணீர் வருடக்கணக்கில் பேஜார் கொடுக்கும்.

வாங்கிய பிறகும் இந்தப் பயம் விடாது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் எவ்வளவு என்று எட்டிப் பார்த்துவிட்டு 'போயிடலாம்' என்று சொல்கிறவன் பேச்சைக் கேட்காதீர்கள். முன்னால் பஸ் போகிறது என்று பின்னாலேயே போகாதீர்கள், பஸ் எழுப்புகிற அலைதான் உங்கள் ஏர் ஃபில்டருக்குள் வரும். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் திரும்பத் திருகவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், செல்ஃப் அடித்ததுமே கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். தள்ளி மேட்டில் ஏற்றி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ரெட் அலர்ட் என்று செய்தி வந்தால் நான் முதல் நாள் சாயங்காலமே வண்டியை மேம்பாலத்தின் ஓரத்தில் ஏற்றி நிறுத்திவிடுவேன். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நின்றதை ஊரே பார்த்ததே, அந்தப் புத்திசாலித்தனம்தான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடி பெரம்பூர். பானட் ஜில்லென்று இருந்தது. ஆயில் மூடியைக் கழற்றி உட்பக்கம் பார்த்தேன். மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. அப்படி இல்லை. ரேடியேட்டர் மூடியையும் திறந்தோம். (குளிர்ந்த வண்டியில் மட்டும் இதைச் செய்யுங்கள், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.) கூலன்ட் பச்சையாகவே இருந்தது, வெறும் குழாய்த் தண்ணீர் இல்லை. மருமகனை உள்ளே உட்கார வைத்து செல்ஃப் எடுக்கச் சொல்லிவிட்டு நான் சைலன்சர் பக்கம் நின்றேன். அரைச் சுற்றில் பிடித்தது. புகை இல்லை. கர்சீப்பைப் பிடித்துப் பார்த்தேன், ஈரம் மட்டும்தான்.

ஓட்டிப் பார்க்க என்னிடம் ஒரு நிரந்தர ரூட் இருக்கிறது. பாட்டை அணைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் தாண்டுவேன். தண்டவாளத்தில் முன்சக்கரம் ஏறி இறங்கும்போது 'கட கட' என்றால் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஸ்டீயரிங் ராக் இவற்றில் ஏதோ ஒன்று. பெரிய செலவில்லை, ஆனால் விலையில் குறைக்கச் சொல்லலாம். அப்புறம் காலி இடத்தில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வட்டமடிப்பது. 'டக் டக் டக்' என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். கடைசியாகப் பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, அதை இறக்கியபடியே முதல் கியரில் கிளப்புவது. எஞ்சின் கத்தி வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் தட்டு முடிந்துவிட்டது. பின்னால் கன்டெய்னர் லாரி இல்லையா என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

மீட்டரை நம்பாதீர்கள். 48,000 கிலோமீட்டர் காட்டுகிற வண்டியில் கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் யார் பொய் சொல்கிறார்கள்? டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சிட்டிருக்கும். 3219 என்றால் 2019ஆம் வருடம் 32ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருடம் ஆன டயரை மாற்றத்தான் வேண்டும், அதையும் விலையில் கழியுங்கள்.

டைமிங் பெல்ட்டைப் பற்றி ஒரே வார்த்தை. 1086 எஞ்சின் வண்டி வாங்கினால், முந்தைய ஓனர் 'போன வருடம்தான் மாத்தினேன்' என்று சத்தியம் செய்தாலும், பில் இல்லை என்றால் முதல் வாரமே மாற்றிவிடுங்கள். டென்ஷனர் பேரிங்கையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றினால் பிரிக்கிற கூலி ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது பெல்ட் அறுந்தால் வால்வு வளையும். அதற்குச் செலவழிக்கிற காசில் பத்துப் பெல்ட் வாங்கலாம். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களையும் அதே நாளில் பார்க்கச் சொல்லுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு ஏற்றபடி வண்டிகள் வந்தது 2023 ஏப்ரலில் இருந்துதான். நம் கிழடுகள் அதற்கு முந்தியவை. நான் இரண்டு அடி ஹோஸ் மாற்றினேன், விரலால் அழுத்தினாலே வெடிப்பு தெரிந்தது.

காகிதத்தில் எனக்கு வேலைப் பழக்கத்தால் கொஞ்சம் கிறுக்கு உண்டு. ஆர்.சி.யில் இருக்கிற சேசிஸ் எண்ணை வண்டியில் குத்தியிருக்கிற எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுவேன். இந்தக் கம்பெனியின் இந்திய வண்டி என்றால் எம்-ஏ-எல் என்று ஆரம்பிக்கும். எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் வண்டி மேல் லோன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் வந்துவிடும். லோன் இருந்த வண்டிக்கு வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) படிவம் 35ம் வேண்டும். பேர் மாற்ற படிவம் 29, 30. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று ஓட்டுவது எங்கள் பக்கத்தில் சகஜம். விற்கிறவருக்குத்தான் அது ஆபத்து. ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நடந்தால் நஷ்டஈடும் அவர் தலையில் என்று 2018ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் இன்சூரன்சுக்கும் எழுதிவிடுங்கள்.

தடா தாண்டினால் ஆந்திரா, அதனால் ஏ.பி. நம்பர் வண்டி மலிவாக வரும். என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்றி முடிக்கும்போது அந்த மலிவு காணாமல் போகும். 15 வருடம் நெருங்குகிற வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்கிற செலவையும் சேர்த்துப் பேசுங்கள். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 வருடம் தாண்டினால் அதற்கும் மேல். பசுமை வரி தனி. தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) காட்டுவதற்கான டிங்கரிங், பெயின்ட் தனி. புதுப்பித்தால் 5 வருடத்துக்குச் செல்லும். நான் 2021லேயே புதுப்பித்துவிட்டதால் அந்தக் கட்டண உயர்வில் தப்பித்தேன்.

வாங்கிய பிறகு பெரிதாக எதுவும் இல்லை. ஆயில் நேரத்துக்கு மாற்றுங்கள். கடலோரத்தில் இருக்கிறவர்கள் வாரம் ஒரு தரமாவது நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவுங்கள், அடிப்பக்கத்துக்கும் ஹோஸ் பிடியுங்கள். போர்த் தண்ணீரில் கழுவாதீர்கள், எங்கள் தெரு போர்த் தண்ணீரே பாதிக் கடல். தார்ப்பாய் உறை போட்டு மூடிவைப்பதும் நல்லதில்லை, உள்ளே புழுங்கித் துரு வேகமாகப் பிடிக்கும். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் ராயபுரத்தில் உறை போடாமல் நிறுத்த முடியாது, காலையில் எழுந்தால் வெள்ளைக் கார் சாம்பல் காராக நிற்கும். 2011ல் உயர் நீதிமன்ற உத்தரவில் அது நின்றது. எங்கள் வீட்டுத் துணியும், பின்னால் வாங்கிய என் வண்டியின் பெயின்டும் தப்பியது அப்படித்தான். டவுனுக்குள் என் வண்டி லிட்டருக்கு 13 கொடுக்கிறது. மணலிப் பக்கம் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் 11.

பெரம்பூர் ஐ10 எல்லாச் சோதனையிலும் தேறியது. இடது பின்கதவில் மட்டும் காந்தம் நழுவியது. டயர் நாலும் 2018ல் செய்தவை. இந்த இரண்டையும் சொல்லி 22,000 குறைத்தோம். புரோக்கர் பணத்தை இரண்டு தரம் எண்ணி மடியில் வைத்தார். சாவியை மருமகன் கையில் கொடுத்தார். நான் இன்னும் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

"இன்னா தலைவரே?"

"ரெண்டாவது சாவி."

"அது ஓனர் வூட்ல கீது தலைவரே, அப்புறமா கொடுத்துடறேன்."

"ஓனர் வீடு எங்க?"

"இங்கதான், செம்பியம்."

"போய் வாங்கிட்டு வாங்க. நாங்க டீ சாப்பிட்டுட்டு இருக்கோம்."